யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார்: ஊட்ஜெரூ நூனுக்கலின் கவிதையும் குழந்தைக் கதையும்

1987 கடைசியில் ஆஸ்திரேலிய அரசு ஒரு பெரிய கொண்டாட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. 1788 ஜனவரி 26 அன்று ஆங்கிலேயக் கப்பல்கள் சிட்னிக் கரையில் கொடி நட்டு இருநூறு வருஷம் ஆகப்போகிறது. அந்த நேரத்தில் அறுபத்தேழு வயதான ஒரு பெண் கவிஞர், 1970-இல் பிரிட்டிஷ் ராணியின் பெயரால் தனக்கு வழங்கப்பட்ட எம்.பி.இ. விருதைத் திருப்பிக் கொடுத்தார். கூடவே, அதுவரை அவரை உலகம் அறிந்திருந்த காத் வாக்கர் என்ற பெயரையும் உதறினார். 'நூனுக்கல் குடியின் ஊட்ஜெரூ, மிஞ்செரிபா நிலத்தின் காவலர்' என்பது புதுப் பெயர்.

ஊட்ஜெரூ என்றால் பேப்பர்பார்க் மரம். சதுப்பு நிலத்தில் வளர்வது. பட்டை தாள்தாளாக உரிந்துவரும். எழுதுகிறவருக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் இந்தப் பெயர் 1987-இல் திடீரென்று முளைக்கவில்லை. பதினைந்து வருஷம் முன்னாலேயே, 1972-இல், அவர் எழுதிய ஒரு குழந்தைகள் புத்தகத்தில் அது ஒரு கதையின் பெயராக, கதைக்குள் வரும் பெண்ணின் பெயராக இருக்கிறது. அரசியல் செய்தியாகப் பத்திரிகைகளில் வந்த ஒரு பெயர் முதலில் உருவானது குழந்தைக் கதைக்குள்ளே. ஊட்ஜெரூவின் கவிதையைத் தனியாகவும் குழந்தைக் கதையைத் தனியாகவும் பிரித்து வைத்துப் படிக்கும் பழக்கம் தவறு என்று சொல்ல எனக்கு இந்த ஒரு விஷயமே போதும். இருந்தாலும் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. 'ஆஸ்திரேலியப் பழங்குடி' என்று நாம் ஒருமையில் பேசுகிறோம். வெள்ளையர் வந்து இறங்கிய காலத்தில் அந்தக் கண்டத்தில் சுமார் 250 மொழிகள் இருந்தன. அபாரிஜின் என்பது அத்தனை பேரையும் ஒரே பட்டியில் அடைக்கக் குடியேறியவர்கள் வைத்த சொல். ஊட்ஜெரூ, குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பிரிஸ்பேனுக்கு எதிரே கடலில் கிடக்கும் மிஞ்செரிபா தீவைச் சேர்ந்தவர். வரைபடத்தில் அதற்கு வடக்கு ஸ்ட்ராட்புரோக் தீவு என்று பெயர். 1920 நவம்பர் 3 அன்று பிறந்தார். பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, பிரிஸ்பேனில் வெள்ளைக்காரர் வீடுகளில் வீட்டு வேலைக்குப் போனார். 1942-இல், சிங்கப்பூர் வீழ்ச்சியில் அண்ணன் தம்பி இருவர் ஜப்பானியரிடம் கைதியானபிறகு, பெண்கள் ராணுவப் பிரிவில் சேர்ந்தார். அதற்குப் பிறகு கம்யூனிஸ்ட் கட்சியில் கொஞ்ச காலம். பிறகு பழங்குடி உரிமைக்கான கூட்டமைப்பின் குயின்ஸ்லாந்து மாநிலச் செயலாளர். கவிதை இந்த வேலைகளுக்கு நடுவில் வந்தது.

நடுவில் வந்தது என்று சும்மா சொல்லவில்லை. 1962-இல் அடிலெய்டில் அந்தக் கூட்டமைப்பின் ஆண்டு மாநாடு நடந்தது. அதற்கென்றே அவர் ஒரு கவிதை எழுதிக்கொண்டு போனார். அதன் தலைப்பு 'பழங்குடியினரின் உரிமைச் சாசனம்'. எதுகை, ஈரடி ஈரடியாகப் போகிற தாளம், எது வேண்டும் எது வேண்டாம் என்கிற நேரடிப் பட்டியல். மாநாட்டுத் தீர்மானம் செய்யவேண்டிய காரியத்தை அந்தக் கவிதை செய்தது. எழுதப் படிக்க வாய்ப்பில்லாதவரும் ஒருமுறை கேட்டால் வீட்டுக்குத் திரும்பும் வழியில் சொல்லிக்கொண்டே போகலாம்.

1964-இல் முதல் தொகுப்பு வந்தது. தலைப்பைத் தமிழில் 'நாங்கள் போய்க்கொண்டிருக்கிறோம்' எனலாம். கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பதிப்பாளருக்குப் பரிந்துரைத்தவர் கவிஞர் ஜூடித் ரைட். நிலம் பிடித்த ஒரு வெள்ளைக் குடும்பத்தில் பிறந்து, அந்தக் குற்றத்தைத் தன் எழுத்திலேயே விசாரித்தவர் அவர். இருவருக்கும் நடுவில் கடைசிவரை நீடித்த சிநேகம் தனிக் கட்டுரைக்கான விஷயம். பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் வெளியிட்ட முதல் கவிதைத் தொகுப்பு இதுதான். விற்பனை பதிப்பாளரையே திகைக்க வைத்தது. அச்சிட அச்சிடத் தீர்ந்தது.

விமர்சகர்கள் சொன்னது என்ன? இது கவிதை இல்லை, பிரச்சாரம். பழங்கால மெட்டு. சொந்தக் குரல் இல்லை. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு பழங்குடிப் பெண் இவ்வளவு ஆங்கிலத்தில் எழுதியிருக்க முடியாது, பின்னால் வேறு யாரோ இருக்கிறார்கள் என்றும் சந்தேகப்பட்டார்கள். கோரிக்கை நேரடியாக இருந்தால் 'கலை இல்லை'. கலையாக இருந்தால் 'இவர் எழுதினது இல்லை'. இந்த இரட்டைப் பூட்டு நமக்கும் பழக்கமானதுதான், இல்லையா?

அவர் இதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தன் கவிதை எளிமையானது, கோஷத்தன்மை உடையது, சிவில் உரிமைக்கானது என்று அவரே ஒப்புக்கொண்டு பேசியிருக்கிறார். ஆனாலும் அவருக்காக வாதாட வந்தவர்கள், 'ஆமாம் பிரச்சாரம்தான், ஆனால் தேவையான பிரச்சாரம்' என்று பணிந்துபோனது எனக்கு உடன்பாடில்லை. தலைப்புக் கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன ஊருக்குள் குடியின் மிச்சசொச்சமான சிலர் வருகிறார்கள். அவர்களுடைய சடங்கு வட்டம் இருந்த இடம் இப்போது குப்பை கொட்டும் இடம். கவிதை இவர்களைப் படர்க்கையில், வெளியே நின்று பார்க்கிற வெள்ளைக் கண்ணின் இடத்திலிருந்து காட்டத் தொடங்குகிறது. நடுவழியில் 'அவர்கள்' 'நாங்கள்' ஆகிவிடுகிறது. வாய்பேசாமல் நின்றிருந்தவர்கள் தாங்களே பேச ஆரம்பிக்கிறார்கள். நிலமும் சட்டமும் சடங்கும் மிருகமும் நாங்களே என்கிற தொனியில் அடுக்கிக்கொண்டே போகிறார்கள். எதுகையும் கிடையாது இதில். இந்தச் சுட்டுப்பெயர் மாற்றம் கவனக்குறைவால் நடக்காது. அழியும் இனத்தின் ஒப்பாரி என்று இதைப் படித்து உருகிய வாசகர்கள் உண்டு. அப்படிப் படிப்பது வசதியானது. போகிறவர்களுக்காகக் கண்ணீர் விட்டால் போதும், நிலத்தைத் திருப்பித் தரவேண்டியதில்லை. இரண்டே வருஷத்தில், 1966-இல், அவர் அடுத்த தொகுப்புக்கு வைத்த பெயர், விடியல் கைக்கெட்டும் தூரத்தில் என்று பொருள்படுவது.

சரி, இந்தக் கவிதைகள் யாரைப் பார்த்துப் பேசின? கூட்டத்தில் கேட்டவர்கள் எல்லாரும்தான். ஆனால் அதிகம் பேசினது, வாக்குரிமையும் அதிகாரமும் கையில் வைத்திருந்த வெள்ளைப் பெரியவர்களைப் பார்த்து. மனுவின் இலக்கணம் அது. 1963-இல் பிரதமர் மென்சீஸைச் சந்திக்கப் போன தூதுக்குழுவில் அவரும் இருந்தார். பிரதமர் உபசாரமாக மது ஊற்றிக் கொடுத்தபோது, குயின்ஸ்லாந்தில் ஒரு பழங்குடிக்கு நீங்கள் இதைக் கொடுத்தால் ஜெயிலுக்குப் போவீர்கள் என்று சொன்னாராம். 1897-இல் போட்ட ஒரு சட்டம். பெயரில் 'பாதுகாப்பு' என்று இருக்கும். எங்கே வசிப்பது, யாரை மணப்பது, சம்பளத்தை யார் வைத்திருப்பது என எல்லாவற்றையும் அதிகாரியின் கையில் கொடுத்தது. அதன் வழிவந்த சட்டங்கள்தான் அறுபதுகளிலும் நடப்பில் இருந்தன.

1967 மே 27 பொதுவாக்கெடுப்புக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசினவர்களில் ஊட்ஜெரூ முக்கியமானவர். 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. பழங்குடியினருக்கு ஓட்டுரிமை வந்தது இதனால்தான் என்று இன்றைக்கும் பலர் எழுதுகிறார்கள். தவறு. தேசியத் தேர்தலில் 1962-இலும் குயின்ஸ்லாந்து மாநிலத் தேர்தலில் 1965-இலுமே வந்துவிட்டது. 1967 செய்தது இரண்டு காரியம்: மக்கள்தொகைக் கணக்கில் அவர்களைச் சேர்க்கத் தடையாக இருந்த பிரிவை நீக்கியது, அவர்களுக்கென்று சட்டம் இயற்றும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. அதிகாரம் கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. 1970-இல், கூட்டமைப்பின் தலைமை பழங்குடியினர் கையிலேயே இருக்கவேண்டும் என்ற தீர்மானம் தோற்றது. அதுவரை கூட நின்ற வெள்ளை நண்பர்களிலும் பலர் அதற்கு உடன்படவில்லை. ஊட்ஜெரூ வெளியேறி, தேசியப் பழங்குடி கவுன்சில் என்ற தனி அமைப்பில் சேர்ந்தார்.

இதற்கு அப்புறம்தான் அவர் தீவுக்குத் திரும்புகிறார். மூங்கல்பா என்று ஓர் இடத்தை உருவாக்குகிறார். 'உட்காரும் இடம்' என்று பொருள். ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள், கறுப்பும் வெள்ளையும், வருஷாவருஷம் அங்கே வந்து தங்கினார்கள், சிப்பி பொறுக்கினார்கள், கதை கேட்டார்கள். வாழ்க்கைக் குறிப்புகள் இதைக் கிட்டத்தட்ட ஓய்வு மாதிரி எழுதுகின்றன: போராளி களைத்துப்போய்ப் பாட்டியானார் என்கிற மாதிரி. அதே காலத்தில் மகன் டெனிஸ் வாக்கர் பிரிஸ்பேனில் கருஞ்சிறுத்தைக் கட்சி தொடங்குகிறார். மகன் தீவிரம், அம்மா சாந்தம் என்று கதையாடலை முடித்துவிடுவது சுலபம்.

நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். அவர் மாற்றியது முன்னிலையை. பத்து வருஷம் பெரியவர்களிடம் மனுக் கொடுத்தாகிவிட்டது. 90 சதவீதம் 'சரி' என்று சொல்லியும் கொடுக்கவில்லை. இனி யாரிடம் பேசுவது? இன்னும் மனு வாங்கும் நாற்காலியில் உட்காராதவர்களிடம். குழந்தையிடம் பேசும்போது கோரிக்கை வைக்கத் தேவையில்லை. கற்றுக்கொடுக்கிறவரின் இடத்தில் இருந்து பேசலாம். குரலின் அதிகாரமே இடம் மாறிவிடுகிறது.

1972-இல் வந்த 'ஸ்ட்ராட்புரோக் ட்ரீம்டைம்' புத்தகத்தின் அமைப்பு இதைத்தான் செய்கிறது. தலைப்பில் வரும் ட்ரீம்டைம் என்ற சொல்லைப் பற்றி ஒன்று. 'கனவுக்காலம்' என்று மொழிபெயர்க்கத் தோன்றும். அரெர்ண்ட்டே மக்களின் ஒரு சொல்லுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளை ஆய்வாளர்கள் கொடுத்த ஆங்கிலம் அது. அந்த மக்கள் சொல்வது கனவும் இல்லை, முடிந்துபோன காலமும் இல்லை. நிலம் உருவான விதமும், நிலத்தில் எப்படி நடந்துகொள்வது என்கிற சட்டமும் சேர்ந்தது. இப்போதும் நடப்பில் இருப்பது. புராணம் என்று போட்டாலும் சரிவராது.

புத்தகத்தில் இரண்டு பகுதி. முதல் பகுதி அவருடைய சொந்தச் சிறுவயதுக் கதைகள். அப்பா அரசாங்க வேலையில் கூலி. அதோடு அரிசி, ஜவ்வரிசி என்று ரேஷன். மற்ற சாப்பாடு கடலிலிருந்தும் காட்டிலிருந்தும் பிள்ளைகள் பிடித்து வருவது. அப்பாவின் விதி ஒன்று: தின்பதற்கு மட்டும்தான் கொல்லலாம். ஒரு நாள் பிள்ளைகள் விளையாட்டுக்கு ஒரு கூக்கபாரா பறவையை அடித்துவிடுகிறார்கள். சிரிக்கிற மாதிரிக் கத்துமே, அந்தப் பறவை. அப்பா அடிக்கவில்லை. மூன்று மாதம் வேட்டை கிடையாது என்று சொல்லிவிடுகிறார். மூன்று மாதமும் வெள்ளைக்காரன் ரேஷனைத்தான் தின்றாகவேண்டும். இந்தத் தண்டனையைக் கவனியுங்கள். ரேஷன் என்பது அரசு பெருந்தன்மையாகக் கொடுப்பது. அந்த வீட்டில் அது தண்டனைச் சோறு. காலனியம் பற்றி இதைவிடச் சுருக்கமாக ஒரு கட்டுரை எழுத என்னால் முடியாது.

இன்னொரு கதையில் அப்பாவின் குலச்சின்னமான மலைப்பாம்பு வகை ஒன்று வீட்டிலேயே செல்லமாக வளர்கிறது. அப்பாவுக்கு அது உடன்பிறப்பு. அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது; அவருடைய குலச்சின்னம் வேறு. வீட்டுச் சண்டையாக, சிரிப்பாகப் போகிற கதைக்குள், குலச்சின்னம் என்றால் என்ன, அது எந்தக் கடமையை யாருக்கு வைக்கிறது என்பது விளக்கமே இல்லாமல் வந்துவிடுகிறது. மானுடவியல் புத்தகம் நாற்பது பக்கம் எடுத்துக்கொள்ளும். இடதுகைப் பழக்கத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் பட்ட பாடும் இந்தப் பகுதியில் உண்டு.

இரண்டாம் பகுதியில்தான் வானவில் பாம்பு நிலத்தை உருவாக்கிய கதை, மிருகங்களும் மரங்களும் வந்த கதை எல்லாம். ஏன் இந்த வரிசை? முதலில் கதை சொல்கிறவர் யார், எந்த வீடு, எந்தக் கரை, யாருடைய மகள் என்று தெரியவேண்டும். அப்புறம்தான் கதை. இதன் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1896-இல் லாங்லோ பார்க்கர் என்ற வெள்ளைப் பெண்மணி, தன் பண்ணைப் பக்கத்தில் வாழ்ந்த பழங்குடியினரிடம் கேட்ட கதைகளைப் புத்தகமாக்கினார். அட்டையில் அவர் பெயர். டேவிட் உனைப்பன் என்ற நரிஞ்செரி எழுத்தாளர் இருபதுகளில் பல ஊர்க் கதைகளைச் சேகரித்து எழுதிப் பதிப்பகத்துக்குக் கொடுத்தார். பதிப்பகம் அதை ராம்சே ஸ்மித் என்ற மருத்துவருக்கு விற்றது. 1930-இல் லண்டனில் ஸ்மித்தின் பெயரில் புத்தகம் வந்தது. உனைப்பன் பெயரே இல்லை. அவர் பெயரோடு அந்த நூல் வர 2001 ஆகிவிட்டது. அதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே, 1995-இல், அவர் முகம் ஐம்பது டாலர் நோட்டில் அச்சாகிவிட்டது! முகத்தை நோட்டில் போடுவது புத்தகத்தில் பெயர் போடுவதைவிடச் சுலபம் போலிருக்கிறது.

'ஆஸ்திரேலியத் தொல்கதைகள்' என்ற பெயரில் குழந்தைகளுக்கென்று வந்த புத்தகங்கள் பலவும் இந்த வழியில் வந்தவைதான். சொன்னவர் இல்லாத கதை. ஊட்ஜெரூ சொல்கிறவரை முன்னால் உட்காரவைத்தது இதற்குப் பதில்.

இப்போது அந்தப் பெயர்க்கதைக்கு வரலாம். இரண்டாம் பகுதியில், பழைய கதைகளுக்கு நடுவே, பழைய வடிவத்தில் அவரே புதிதாகச் செய்த கதைகளும் இருக்கின்றன. அதில் ஒன்றுதான் 'ஊட்ஜெரூ'. தன் குடியையும் அதன் கதைகளையும் இழந்த ஒரு பெண். கதைகளைத் திரும்பச் சேர்க்க, பேப்பர்பார்க் மரத்தின் பட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். அணைந்துபோன தன் குடியின் அடுப்புகளிலிருந்து கரித்துண்டு எடுத்து அந்தப் பட்டையில் எழுதுகிறாள். மரங்கள் அவளைத் தங்கள் சகோதரியாக ஏற்று அந்தப் பெயரைக் கொடுக்கின்றன. வாய்மொழிக் கதை எழுத்தாக மாறும் தருணத்தை இது கதையாக்குகிறது. எழுத்து வெள்ளையரிடமிருந்து வந்தது என்பதை அவர் மறைக்கவில்லை, ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார். ஆனால் தாளும் மையும் தன் நிலத்திலிருந்தே என்கிறார். 'இவ்வளவு ஆங்கிலத்தை இவர் எழுதியிருக்க முடியாது' என்றவர்களுக்கு எட்டு வருஷம் கழித்து, அவர்களைப் பார்க்காமலே, கொடுத்த பதில் இது.

எல்லாமே இந்தத் தரத்தில் இல்லை. 1981-இல் தானே படம் வரைந்து வெளியிட்ட 'வானத் தந்தையும் பூமித் தாயும்' எனக்குப் பாடநூல் வாசம் அடிக்கிறது. சொல்கிற விஷயம் நியாயமானது, மனிதன் பூமியைக் குப்பையாக்குகிறான் என்பது. ஆனால் கூக்கபாரா கதையில் மூன்று மாத ரேஷன் செய்த வேலையை இதில் அறிவுரை செய்யப் பார்க்கிறது. அதுபோல, 1988-இல் இருநூற்றாண்டுக் கொண்டாட்டத்தைப் புறக்கணித்தவரே அதே வருஷம் பிரிஸ்பேன் உலகக் கண்காட்சியின் ஆஸ்திரேலிய அரங்குக்காக, மகன் கபுலோடு சேர்ந்து, வானவில் பாம்பின் கதையை எழுதிக் கொடுத்தார். முரண்தானே என்று கேட்பவர்கள் கேட்கலாம். விருந்துக்குப் போகமாட்டேன், ஆனால் வருகிற பிள்ளைகளுக்குக் கதை நான்தான் சொல்வேன் என்பதாக நான் புரிந்துகொள்கிறேன். முழுத் திருப்தி எனக்கும் இல்லை.

1974 நவம்பரில் நடந்த ஒரு சம்பவத்தையும் சொல்லவேண்டும். நைஜீரியாவில் கறுப்பினக் கலைவிழா ஒன்றின் ஆலோசனைக் கூட்டம் முடித்துத் திரும்பும்போது, அவர் வந்த விமானம் துபாயில் கடத்தப்பட்டு டூனிஸுக்குக் கொண்டுபோகப்பட்டது. கடத்தியவர்கள் பாலஸ்தீன இளைஞர்கள். ஒரு பயணி கொல்லப்பட்டார். உள்ளே உட்கார்ந்து, வாந்தியெடுக்கக் கொடுக்கும் காகிதப் பையில் அவர் கவிதை எழுதினார். அதில் ஒன்று கடத்தினவர்களில் ஓர் இளைஞனைப் பற்றியது. அங்கேயும் அவர் கண்ணில் பட்டது ஒரு பிள்ளை.

1993 செப்டம்பர் 16 அன்று இறந்தார். தீவில் மணல் எடுக்கும் கம்பெனிகளை எதிர்த்துப் பல வருஷம் பேசியிருந்தார். அந்தச் சுரங்க வேலை 2019 கடைசியில் நின்றது. 2011 ஜூலையில் குவாண்டமூக்கா மக்களின் பூர்வீக நில உரிமையை நீதிமன்றம் அங்கீகரித்தது. 2023 அக்டோபர் 14 அன்று, நாடாளுமன்றத்தில் தங்கள் கருத்தைச் சொல்ல ஓர் ஆலோசனை அவை வேண்டும் என்று பழங்குடியினர் கேட்டதற்கு இன்னொரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. இந்த முறை நாடு முழுக்கச் சுமார் 60 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள்.

கடைசியாக, நம் பக்கத்து வேலை ஒன்று. இந்தப் புத்தகத்தைத் தமிழில் கொண்டுவர யாராவது நினைத்தால், இரண்டாம் பகுதியை மட்டும் உருவி 'ஆஸ்திரேலியப் பழங்குடிக் கதைகள்' என்று போட்டுவிடத் தோன்றும். அது சின்னதாக இருக்கும், படம் போட்டால் விற்கும், முதல் பகுதி யாரோ ஒரு அம்மாவின் சொந்தக்கதை என்று தோன்றும். அப்படிச் செய்தால் 1930-இல் நடந்ததை நாமும் ஒருமுறை செய்தவர்களாவோம். கூக்கபாராவும் ரேஷனும் பாம்போடு சண்டை போடும் அம்மாவும் முதலில் வரட்டும். உரிமை உள்ளவர்களிடம் கடிதம் எழுதிக் கேட்கவும் வேண்டும். பதில் வர நாளாகலாம்.